யூ மரத்திலிருந்து ஏழாவது

ஜனவரி 8, திங்கள்

மழை. கணப்பு பாதிதான் எரிகிறது. இங்கிலாந்தில் இந்தக் கார்ஸ்வித்துக்கு வந்து ஐந்து மாதம் ஆகிவிட்டது. நூற்றுப்பத்து வீடு, ஒரு கோயில், ஒரு மதுக்கடை, மிச்சமெல்லாம் ஆடு.

கோயில் வார்டன் கீத் ஆர்மிடேஜ் வந்தார். எங்கள் ஊரில் சில சபைகள் சேர்ந்த சேகரத்துக்குச் செயலாளர் செய்கிற வேலையெல்லாம் இங்கே இவர் தலையில். வரும் ஜூனில் கோயிலுக்கு எண்ணூறு வயது, பேராயர் வருகிறார். அதற்குள் இரண்டு காரியம் முடிய வேண்டுமாம். ஊர் வரலாறும் சேகர வரலாறும் சேர்த்து நான் ஒரு சின்னப் புத்தகம் எழுத வேண்டும். கோயிலுக்கு ஒரு கழிப்பறை கட்ட வேண்டும். எண்ணூறு வருஷமாக இவர்கள் எப்படி அடக்கிக்கொண்டு பிரசங்கம் கேட்டார்களோ, கர்த்தருக்கே வெளிச்சம்.

இங்கே போதகரான என்னை 'விகார்' என்று கூப்பிடுகிறார்கள். முப்பத்தைந்து வருஷம் சபையார் 'ஐயரே' என்று கூப்பிட்டுப் பழகிய காதில் அதுவும் அப்படியேதான் விழுகிறது. யார் என்ன இங்கிலீஷ் பேசினாலும் காதுக்குள் நுழையும்போதே சாத்தான்குளத்துத் தமிழாகிவிடுகிறது. இந்த நோட்டில் அப்படியே எழுதுகிறேன். யார் படிக்கப் போகிறார்கள்?

ஜனவரி 11, வியாழன்

நாள் முழுக்கப் பதிவேடுகள். இரும்புப் பெட்டியைத் திறந்ததும் ஈரத்தோல் வாடை. 1653இலிருந்து பிறப்பு, ஞானஸ்நானம், விவாகம், அடக்கம் எல்லாம் வரிசையாக இருக்கின்றன. 1719இல் வெள்ளத்தில் பாலத்தோடு போன நான்கு பேர். 1841இல் கல்லுடைக்கும் குழி சரிந்து ஒன்பது பேர், அதில் ஒரே வீட்டில் மூவர். மனிதர்கள் மறந்துவிடுவார்கள், இல்லாததைச் சொல்லுவார்கள். பதிவேடு அப்படிச் செய்யாது. என் ஊழியத்தில் நான் சாய்ந்து நின்ற சுவர் அதுதான்.

கோயிலின் வடக்குப் பக்கத்தில் மூன்றரை நூற்றாண்டாக ஒரு அடக்கம்கூட இல்லை. வெயில் விழாத பக்கம், ஆகாத பக்கம் என்று பழைய ஆட்கள் ஒதுக்கிவிட்டார்களாம். கழிப்பறைக் குழாயை அந்த வழியாகக் கொண்டுபோகலாம் என்கிறார் கீத். நல்ல யோசனை.

1788இல் ஒரு விகார் ஓரத்தில் எழுதி வைத்திருக்கிறார்: 'ஞானஸ்நானம் பெறாத சிசு, அடக்கம் மறுக்கப்பட்டது.' எங்கள் சேகரத்திலும் அதே விதிதான். கஷ்டமான விதி. ஆனாலும் விதி.

ஜனவரி 21, ஞாயிறு

மதுக்கடைக்காரர் பேத்திக்கு ஞானஸ்நானம் கொடுத்தேன். ஐந்து தலைமுறையாக அவர்கள் வீட்டில் பிள்ளைகளுக்குப் போடும் நீளமான லேஸ் சட்டை. 'இந்தப் பிள்ளைக்குப் பேரிடுங்கள்' என்று நான் கேட்க, தகப்பனுக்கு வாய் குழறிவிட்டது. எல்லாரும் சிரித்தார்கள்.

எங்கள் வீட்டிலும் அப்படி ஒரு சட்டை இருந்தது. இடையன்குடி லேஸ் வைத்து என் அம்மா தைத்தது. நானும் போட்டிருக்கிறேன், மகள் எப்சியும் போட்டாள். வீடு மாறும்போது எங்கோ தொலைந்துபோயிற்று. மனைவி கிரேஸ் உயிரோடு இருந்தபோதே ஒருநாள் பீரோவில் தேடினேன், இல்லை. பெண்கள் சாமானை எங்கே வைக்கிறார்கள் என்று யாருக்குத் தெரியும்.

ஜனவரி 24, புதன்

வடக்குச் சுவரோரம் ஸ்னோடிராப் பூத்திருக்கிறது. விரல் உயரச் செடி, தலை குனிந்த வெள்ளைப் பூ. மூலையில் நிற்கும் கிழட்டு யூ மரத்திலிருந்து மேற்கே கொத்துக் கொத்தாகப் போகிறது. எண்ணினேன், பத்தொன்பது கொத்து. ஒன்றுக்கொன்று ஒரு எட்டு வைக்கும் இடைவெளி. தானாக வளர்ந்த பூவுக்கு இத்தனை ஒழுங்கா என்று ஆச்சரியமாக இருந்தது.

எதிர்வீட்டு வினிஃப்ரெட் தாக்ரே குளிரில் அங்கே நின்றிருந்தார். எண்பத்தொன்பது வயது. பிறந்தது முதல் இந்த ஊரை விட்டு ஒரு மாதம்கூட வெளியே இருந்ததில்லையாம்.

"இந்தப் பக்கம் வெட்டப் போறியளாமே ஐயரே?"

"குழாய் பதிக்கணும் அம்மா. பேராயர் வாறார்."

"பூ இருக்க இடத்துல வெட்டாதிய."

"பூ எங்கயும் போவாதும்மா. பிடுங்கி வேற இடத்துல வச்சிருவோம்."

கோட்டுக் காலரை இழுத்து விட்டுக்கொண்டார். பிறகு, "யூ மரத்துல இருந்து ஏழாவது நல்லாப் பூத்திருக்கு இந்த வருசம்" என்றார். நானும் ஆமாம் என்றேன். கிழவிகளுக்குப் பூ என்றால் உயிர். இந்த ஊரில் நாய்க்கு அடுத்த இடம் பூவுக்குத்தான்.

பிப்ரவரி 1, வியாழன்

அனுமதிப் படிவம் நிரப்பினோம். 'வேலை நடக்கும் இடத்தில் அடக்கங்கள் உண்டா?' என்ற கேள்விக்கு, 'பதிவேடுகளின்படி எதுவும் இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மூன்றரை நூற்றாண்டை ஒரு வரியில் உறுதியாகச் சொல்ல முடிவது ஒரு சுகம்.

பிப்ரவரி 9, வெள்ளி

ஷூ வாங்க லீட்ஸ் போனேன். பஸ், பிறகு ரயில். ஒன்றும் பிடிக்கவில்லை. பெரிய ஆஸ்பத்திரிக்கு எதிரே ஒரு காப்பிக்கடையில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்பினேன். நர்சுகள் ஷிப்ட் மாறும் நேரம். நம் ஊர்ப் பிள்ளைகள் நிறைய இருக்கிறார்கள். எல்லாரும் ஒரே நீலச் சட்டையில் தூரத்திலிருந்து ஒரே மாதிரித் தெரிகிறார்கள்.

நான் இங்கிலாந்துக்கு வந்தது பேராயர் கேட்டுக்கொண்டதால்தான். பக்கத்து நகரத்தில் யார் இருக்கிறார்கள் என்பதை வைத்து நான் ஊழியத்துக்கு இடம் பார்ப்பதில்லை.

பிப்ரவரி 14, சாம்பல் புதன்

பதினொரு நெற்றிகளில் சாம்பல். வினிஃப்ரெட் அம்மா வந்திருந்தார். முழங்கால் போட முடியவில்லை.

பிப்ரவரி 20, செவ்வாய்

பூ உதிர்ந்து இலை பச்சையாக இருக்கும்போதே ஸ்னோடிராப்பை மாற்றி நட வேண்டும் என்று புத்தகத்தில் பார்த்தேன். வினிஃப்ரெட் அம்மாவுக்காகத்தான் இவ்வளவு சிரத்தை. பத்தொன்பது கொத்தையும் நானே மண்ணோடு பெயர்த்தேன். வேர் விலகியவற்றைச் சேர்த்து, பெரியவற்றைப் பிரித்து, வாசல் பக்கம் வட்டமாக ஒரு பாத்தி கட்டி நட்டேன். இடுப்பு விட்டுப்போயிற்று. அழகாக இருக்கிறது, வருகிறவர் கண்ணில் முதலில் படும்.

நடுவில் அந்த அம்மா வீட்டு ஜன்னலில் நின்றது தெரிந்தது. கையசைத்தேன். திரையை இழுத்துவிட்டார். வாசலில் போய்த் தட்டினேன், திறக்கவில்லை. தூங்கியிருப்பார்.

பிப்ரவரி 27, செவ்வாய்

காலை பத்தே கால். குழி வெட்டும் வண்டி ஓட்டி வந்த டேரன் இஞ்சினை நிறுத்திவிட்டுத் தொப்பியைக் கழற்றினான். "ஐயரே, இங்க வந்து பாருங்க" என்றான்.

பழைய பிஸ்கட் டின். மூடி துருப்பிடித்து ஒட்டியிருந்தது, அடி இற்று விழுந்துவிட்டது. உள்ளே இருந்ததைக் கோழியெலும்பு என்று நினைக்க ஒரு நிமிஷம் ஆசைப்பட்டேன். அப்புறம் மண்டையோடு தெரிந்தது. என் உள்ளங்கையை விடச் சிறிது.

கீத் போலீசுக்குப் போன் பண்ணினார். மத்தியானத்துக்குள் பேராயத்திலிருந்து எலும்பு பார்க்கிற ஒரு அம்மா வந்தார். வெட்டிய நீளத்தில் ஆறு இருக்கிறதாம், எல்லாம் பிறந்த பிள்ளைகள். பழையதும் உண்டு, அறுபது எழுபது வருஷத்துக்குள்ளானதும் உண்டு. "அடையாளம் எதுவும் வச்சிருந்தாவளா?" என்று கேட்டார்.

தெரியவில்லை என்றேன். அப்போது எனக்குத் தெரியும். அடையாளத்தை வாசல் பாத்தியில் நட்டு வைத்திருந்தேன்.

பிப்ரவரி 28, புதன்

வினிஃப்ரெட் அம்மா வீட்டுக்குப் போனேன். கதவு திறந்தே இருந்தது. சமையலறை மேஜை முன்னால் கோட்டைப் போட்டபடி உட்கார்ந்திருந்தார். அவர் சொன்னதை முடிந்தவரை அப்படியே எழுதுகிறேன்.

"செத்துப் பொறந்த பிள்ளைக்கு ஞானஸ்நானம் கெடையாது. ஞானஸ்நானம் இல்லைன்னா கல்லறையில எடமும் கெடையாது. அது விகார் சட்டம். ஊருக்கு வேற சட்டம் இருந்துச்சு. மணியடிச்சுக் குழி வெட்டுறவர் இருப்பாருல்லா, அவர் கையில குடுத்துருவோம். சாயங்காலம் பால் கறக்கிற நேரம், விகார் டீ குடிக்கப் போன பொறவு, வடக்குச் சுவரோரம் வச்சிருவாரு. கல்லு கெடையாது, பேரு கெடையாது. அவர் பொஞ்சாதி மேல பூவ நட்டுருவா. அவருக்கு அப்பன், பாட்டன் காலத்துல இருந்தே அப்படித்தான். எந்த விகார்ட்டயும் சொல்லக் கூடாது. சொன்னா அதையும் தடுத்துருவாவ."

"எனக்கு நீங்க சொல்லியிருக்கலாமே அம்மா."

"நீங்களும் விகார்தான?"

எங்கள் ஊரில் இதே வேலை செய்யும் கோயில்குட்டி ஞாபகம் வந்தார். அவரும் என்னிடம் எதையெல்லாம் சொல்லவில்லையோ.

"என் பிள்ள அம்பத்தேழுல. ஆம்பளப் பிள்ள. ஷூ வாங்கின அட்டப்பெட்டியில குடுத்து விட்டேன். என்னைய எந்திரிக்க விடல. மூணு வாரம் கழிச்சு அந்தப் பொம்பளதான் சாடையா வந்து சொன்னா, யூ மரத்துல இருந்து ஏழாவதுன்னு. பேரு வைக்க விடல. ஞானஸ்நானம் இல்லாத பிள்ளைக்கு எதுக்குப் பேருன்னாவ. நான் ஏழாவதுன்னுதான் கூப்பிடுவேன்."

கைக்கடிகாரத்தைக் கழற்றி மேஜையில் வைத்தார். திரும்ப எடுத்துக் கட்டிக்கொண்டார்.

"அந்தப் பூவ எங்க வச்சிய?"

"வாசல் பாத்தியில."

"அதுல ஏழாவது எது?"

அவர் கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். நான் பிரித்து, சேர்த்து, வட்டமாக நட்டதைச் சொன்னேன். இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார். அறுபத்தேழு வருஷம் ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த இடத்தை ஒரு பகலில் நான் துடைத்துவிட்டேன்.

மார்ச் 4, திங்கள்

எலும்பு அம்மா மறுபடி வந்தார். ஈர மண்ணில் அட்டைப்பெட்டி நிற்காது, பிள்ளையும் கரைந்துபோயிருக்கலாம், ஆறில் ஒன்று அவருடையதாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம் என்றார். நான் எட்டு வைத்து அளந்து பார்த்தேன். யூ மரத்தின் எந்தப் பக்கத்திலிருந்து ஆரம்பிப்பது? நான் எண்ணியபோது எங்கே நின்றேன் என்பதுகூட நினைவில்லை. நான்கு முறை அளந்தேன். நான்கு இடத்தில் வந்து நின்றேன்.

மார்ச் 7, வியாழன்

புத்தக வேலை ஓடவில்லை. 'கார்ஸ்வித் சேகர மக்கள்' என்று தலைப்புப் போட்டு, மூவாயிரத்து நானூறு அடக்கங்கள் என்று எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன்.

கீத் வந்து, "உங்க தப்பு இல்ல ஐயரே, பதிவேட்டுல இல்லைல்லா" என்றார். என்னைத் தேற்றுவதற்குத்தான் சொன்னார். முப்பத்தைந்து வருஷம் இதே வாக்கியத்தைத்தான் நானும் மற்றவர்களிடம் சொல்லியிருக்கிறேன்.

மார்ச் 12, செவ்வாய்

வினிஃப்ரெட் அம்மாவுக்கு நெஞ்சில் சளி. ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேன் என்கிறார். ரசம் வைத்துக் கொண்டுபோனேன். இரண்டு கரண்டி குடித்துவிட்டு, இதைக் குடித்தால் சாகிறவனும் எழுந்து ஓடுவான் என்றார். இருமலோடு சிரித்தார்.

மார்ச் 19, செவ்வாய்

இன்று அவர் ஒரு முடிவு சொன்னார்.

"என் புருசன் பக்கத்துல எனக்கு எடம் போட்டு வச்சிருக்கு. அது வேண்டாம். என்னைய வடக்க வைங்க. அந்த ஆறையும் என்கூட வச்சிருங்க. அதுல என் பிள்ள இருந்தா இருக்கட்டும்."

"இல்லைன்னா?"

"மத்ததுக்கும் இப்ப ஆளு யாரு இருக்கா?"

எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டேன். பிறகு அவர் கேட்டார், "ஒங்களுக்குப் பிள்ளைய உண்டா ஐயரே?"

லீட்ஸில் ஒரு மகள் இருக்கிறாள் என்றேன். அவர் வேறெதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் மழையைப் பற்றிப் பேசியிருப்பேன்.

மார்ச் 20, புதன்

எழுதிவிடுகிறேன்.

கிருபைபுரத்தில் நான் போதகராக இருந்த காலம். எப்சிபா என்னைக் கேட்காமல் மாரிச்செல்வத்தைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டாள். சபைக்கு வெளியே நடந்த விவாகம், அதனால் அவள் பெயரைச் சேகரப் பட்டியலிலிருந்து நானே எடுத்தேன். வேறு வீட்டுப் பிள்ளைகளுக்கு அப்படித்தான் செய்திருந்தேன்.

2009 அக்டோபர் 12, காலை ஒன்பது மணிக்கு அவள் போன் பண்ணினாள். பிள்ளை பிறந்து ஒரு நாள், பெண் குழந்தை, மூச்சு திணறுகிறது. "அப்பா, வந்து ஞானஸ்நானம் குடுங்கப்பா." பதினொரு மணிக்குச் சேகரக் கமிட்டி இருந்தது. கமிட்டியில் கேட்டுக்கொண்டு வருகிறேன் என்றேன். ஆஸ்பத்திரி ஆறு மைல். ஆபத்து நேரத்தில் யார் வேண்டுமானாலும் தண்ணீர் ஊற்றிக் கொடுக்கலாம், அவள் நர்ஸ், அது அவளுக்குத் தெரியும். அவள் எனக்காகக் காத்திருந்தாள். மூன்று மணிக்குப் பிள்ளை போய்விட்டது.

கல்லறைத் தோட்டத்தில் இடம் கேட்டு மாரிச்செல்வம் வந்தான். செருப்பைக் கழற்றிவிட்டு வாசலில் நின்றான். கமிட்டிச் செயலாளரே, "ஐயரே, பச்சப் பிள்ளதான, ஒரு ஓரமா வச்சிட்டுப் போவட்டும்" என்றார். நான்தான் முடியாது என்றேன். சொந்தப் பேத்திக்கு விதியை வளைத்தார் என்று ஒருவரும் சொல்லிவிடக் கூடாது என்று நினைத்தேன். ஒருவரும் சொல்லவில்லை. பதினாலு வருஷமாக எப்சியும் என்னிடம் எதுவும் சொல்லவில்லை.

எங்கே வைத்தார்கள் என்று நான் கேட்கவே இல்லை.

மார்ச் 26, செவ்வாய்

வினிஃப்ரெட் தாக்ரே இன்று பிற்பகல் இரண்டு மணிக்கு மரித்தார். மூச்சு நின்றபோது முகம் ஜன்னல் பக்கம் இருந்தது. நான் பக்கத்தில் இருந்தேன். இருந்ததால் ஒன்றும் சரியாகிவிடாது.

ஏப்ரல் 5, வெள்ளி

அடக்கம். இந்த ஊரில் சாவு மணிக்கு ஒரு கணக்கு உண்டு: ஆணுக்கு ஒன்பது அடி, பெண்ணுக்கு ஆறு, பிள்ளைக்கு மூன்று. கீத்தான் கயிறு பிடித்தார். அந்த அம்மாவுக்கு ஆறு. பிறகு மும்மூன்றாகப் பத்தொன்பது தடவை. முடிய வெகு நேரமாயிற்று, தெருவில் ஆட்கள் வேலையை விட்டு வந்து நின்றார்கள்.

ஆறு சிறு பெட்டிகளையும் டேரன் ஒவ்வொன்றாக இறக்கினான். மண் போட்ட பிறகு தள்ளியிருந்த வயசாளிகள் ஒவ்வொருவராக என்னிடம் வந்தார்கள். ஒருவர் தங்கச்சி என்றார். ஒருவர் தன் அம்மாவின் முதல் பிள்ளை என்றார். மதுக்கடைக்காரரின் அத்தைக்கு இரட்டை. அத்தனை பேர் வீட்டிலும் தெரிந்திருக்கிறது. நான் எழுதிய வரலாற்றில் மட்டும் இல்லை.

பதிவேட்டில் ஆறு பிள்ளைகளையும் ஏற்றினேன். பெயர் தெரியாது, வடபுறம். அடக்கம் நடத்தியவர் என்ற இடத்தில் என் கையெழுத்து.

ஏப்ரல் 6, சனி

எப்சிக்குக் கடிதம் போட்டேன். நான்கு தாள் எழுதிக் கிழித்துவிட்டு, கடைசியில் ஒரு வரி: 'பிள்ளையை எங்கேம்மா வச்சீங்க?'

ஏப்ரல் 13, சனி

பதில் இல்லை. கணப்பைப் பழுதுபார்க்க ஆள் வந்தான், சாமான் கொண்டுவரவில்லை என்று போய்விட்டான்.

ஏப்ரல் 17, புதன்

காலை பத்து மணிக்குப் போன் வந்தது. பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன், கையைத் துடைக்கவில்லை.

"எப்சி பேசுதேன்."

குழாயை மூடினேன். லைனில் ஆஸ்பத்திரிச் சத்தம் கேட்டது.

"தேரியில வச்சோம்" என்றாள். "கோயிலுக்கு மேக்க, செம்மண் மேட்டுல, ஒரு உடைமரத்தடியில. இவங்கதான் குழி தோண்டினாங்க. அம்மா வந்தா."

"அம்மாவா?"

"பஸ் பிடிச்சு வந்தா. ஒங்களுக்கு மாதர் சங்கக் கூட்டம்னு சொல்லிட்டு வந்தா. அந்த லேஸ் சட்டையக் கொண்டாந்து போட்டுவிட்டா. பெருசா இருந்துச்சு, கால் ரெண்டையும் மடிச்சுக் கட்டினா."

பீரோவில் அந்தச் சட்டையை நான் தேடியபோது கிரேஸ் பக்கத்தில்தான் நின்றிருந்தாள். என்ன தேடுகிறீர்கள் என்று கேட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

"நான் ஊருக்குப் போய்ப் பாக்கட்டுமாம்மா?"

"என்னத்தப் பாப்பிய? தேரி மண்ணு ஒரு எடத்துலயா நிக்கும்? அடுத்த ஆனிக் காத்துல மேடே நகந்துட்டு. மரத்தையும் வெறகுக்கு வெட்டிட்டாவ. நாங்க ரெண்டு தடவ போய்த் தேடினோம்ப்பா. இல்ல."

அழுதேன். அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை, போனையும் வைக்கவில்லை.

"பேரு வச்சிருந்தியாம்மா?"

"வச்சிருந்தேன். 'இந்தப் பிள்ளைக்குப் பேரிடுங்கள்'னு நீங்க கேப்பியல்லா, அப்ப சொல்லலாம்னு வச்சிருந்தேன். அம்மாட்டகூட சொல்லல."

"இப்ப சொல்லேன்."

"போன்ல சொல்ல மாட்டேன்" என்றாள். "நேர்ல வந்து கேளுங்க. நீங்க கேக்கணும், நான் சொல்லணும். முறை அப்படித்தான?"

நாளைக் காலை எட்டே முக்கால் பஸ். சட்டை இஸ்திரி போட்டு வைத்திருக்கிறேன்.

பதிவேட்டில் எழுத எனக்கு உரிமையில்லை, அந்தப் பதிவேடு கிருபைபுரத்தில் இருக்கிறது. இந்த நோட்டில் எழுதுகிறேன்.

பெயர்:

பெற்றோர்: மாரிச்செல்வம், எப்சிபா

வயது: ஒரு நாள்

மரித்தது: 12 அக்டோபர் 2009

அடக்கம் பண்ணப்பட்ட இடம்: தேரி. அடையாளம் இல்லை.

அடக்க ஆராதனை நடத்தியவர்: ஒருவருமில்லை. போதகர் ஊரில் இருந்தார்.